இரும்பை அறுக்கும் நூல்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனத் தமிழ்த்துறைத் தலைவர் கேட்டபோது, அவர் எதிர்பார்த்தது சீறாப்புராணம் பற்றியோ சிற்றிலக்கியங்கள் பற்றியோ ஓர் ஆய்வுரையாக இருந்திருக்கும். முப்பதாண்டுக்கு மேல் இலக்கணமும் இலக்கியமும் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற யாம் வேறு எதை எழுதப் போகிறோம் என அவர் கருதியதில் பிழையில்லை. ஆயினும் யாம் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பட்டறை; அப்பட்டறையில் இரவும் பகலும் இரும்பை அறுத்துக்கொண்டிருக்கும் மெல்லிய பித்தளை நூல். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் எனக் கேட்போர் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

நூல் என்னும் சொல் பல பொருள் தருவது. ஏட்டில் எழுதப்பெற்ற கல்வியும் நூல். பஞ்சிலிருந்து திரித்த இழையும் நூல். கொத்தனாரும் தச்சரும் நேர் பார்க்கப் பிடிக்கும் கயிறும் நூல். பட்டறையில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கிற்கும் நூல் என்றே பெயர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், கல்வி நூலுக்கு அப்பெயர் வந்த காரணத்தைப் பாயிரத்தில் இருவகையாக விளக்குகிறார். பஞ்சு இழையாவதுபோலச் சொற்கள் சேர்ந்து நூலாகின்றன என்பது ஒன்று. தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டித் திருத்த உதவுவதுபோல, கற்கும் நூல் மனத்தின் கோணலைத் திருத்துகிறது என்பது மற்றொன்று. இப்பகுதியை ஆண்டுதோறும் யாம் நடத்தியிருக்கிறோம். சுண்ணம் தோய்த்த கயிறு ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுசென்று, கரும்பலகையில் சுண்டிக் கோடு போட்டும் காட்டியிருக்கிறோம். அக்கயிற்றைப் பற்றி அத்தனை பேசிய எம் மனத்திலேயே ஒரு கோணல் பல்லாண்டு கிடந்தது. அது நேரானது நசரத்பேட்டையில்.

அக்கோணலின் வேரைச் சொல்ல வேண்டுமாயின் எம் தந்தையாரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் 1967இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தார். அப்பேட்டை அப்போது உருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் செய்தது டை வேலை. இரும்புத் தகட்டில் ஓர் உருவத்தை வெட்டியெடுக்க வேண்டுமாயின், அவ்வுருவில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு எஃகுத் துண்டுகள் வேண்டும். ஆணுக்குப் பஞ்ச் என்றும் பெண்ணுக்கு டை என்றும் பெயர். இரண்டுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி தகட்டின் கனத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடாயின், ஒரு பக்கத்திற்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர். அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்கு. பட்டறை மொழியில் இரண்டு தவ்.

இந்த இரண்டு தவ் இடைவெளியை எம் தந்தையார் அரத்தால் உண்டாக்கினார். முதலில் எஃகில் உருவம் வரைவார். கோட்டை ஒட்டி உட்புறமாக நெருக்கமாகச் சிறு துளைகள் இடுவார். துளைகளுக்கு இடைப்பட்டதை உளியால் வெட்டி நடுத்துண்டைக் கழற்றுவார். பின் அரம். பஞ்ச்சின் மேல் நீலச் சாயம் தடவி டைக்குள் மெல்ல இறக்குவார். சாயம் ஒட்டிய இடம் இடிக்கும் இடம் என்று பொருள். அவ்விடத்தை மட்டும் ராவுவார், மீண்டும் சாயம், மீண்டும் அரம். ஒரு டைக்கு இப்படிப் பல நாள் ஆகும். எல்லாம் பொருந்திய பிறகுதான் பெருஞ்சோதனை. மென்மையான எஃகை உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்க வேண்டும். அந்த வெம்மையில் எஃகு சற்றே முறுக்கிக்கொள்ளும். பல நாள் உழைப்பில் கிடைத்த பொருத்தம் சில நிமிடங்களில் கெட்டுவிடும். கடினப்பட்ட எஃகில் அரம் ஏறாது. எண்ணெய்க் கல்லைக் கொண்டு தேய்த்துத் தேய்த்து மீட்க வேண்டும். உலைக்குப் போகும் நாளில் அவர் வீட்டில் எவரோடும் பேசமாட்டார். அந்த மௌனத்தை வைத்தே என்ன நாள் என்று எங்கள் தாயார் அறிவார்.

1993இல் அவர் பணிபுரிந்த பட்டறைக்கு வயர்கட் எனப்படும் பொறி வந்தது. அன்று இரவு அவர் வீடு திரும்பிச் சொன்ன சொற்கள் இன்றும் நினைவில் உள்ளன. “முதல்லயே நெருப்புல போட்டுக் கெட்டியாக்கிடறான். அப்புறம்தான் அறுக்கறான். இனிமே உலைக்குப் பயப்பட வேண்டியதில்லை” என்றார். அவர் குரலில் பொறாமை இல்லை. ஒருவகை நிம்மதியே இருந்தது. ஓர் ஆண்டு கழிந்தது. அறுத்து வந்த துண்டுகளைக் கல்லில் தேய்த்துத் தருவதே அவர் வேலையாயிற்று. 1994இல், ஓய்வுபெற இன்னும் மூன்றாண்டு இருக்கையில், இனிப் பிட்டர்கள் இத்தனை பேர் தேவையில்லை எனச் சொல்லி அவரை அனுப்பிவிட்டனர். அரங்கள் நிறைந்த தகரப் பெட்டியோடு அவர் வந்து இறங்கிய மாலையை யாம் மறந்ததில்லை. அப்பொறியை எம் குடும்பத்தின் பகையாகவே மனத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். 2003இல் அவர் மறைந்தார், பகை மறையவில்லை.

இந்நிலையில் 2012ஆம் ஆண்டு எம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று முடித்த மாணவர் ஒருவர் வந்தார். யாப்பிலக்கணத்தில் நல்ல பயிற்சி உடையவர். அலகிட்டு வாய்பாடு சொல்வதில் அவ்வகுப்பில் அவருக்கு நிகரில்லை. முதுகலையில் சேர்வார் என எதிர்பார்த்திருந்தோம். அவரோ, “அத்தா போன பிறகு வீட்ல நான்தான் மூத்தவன் ஐயா. தங்கச்சிங்க ரெண்டு பேர். நசரத்பேட்டையில வயர்கட் வேலை கிடைச்சிருக்கு” என்றார். வாழ்த்த வேண்டிய வாய், “மூன்றாண்டு இலக்கணம் படித்தது கம்பி சுற்றவா தம்பி?” என்று கேட்டுவிட்டது. அவர் தலைகுனிந்து சிரித்தார்; விடைபெற்றுச் சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் எம்மைக் காண வரவில்லை. அவ்வினாவைக் கேட்டது ஆசிரியர் அல்லர், தகரப் பெட்டியோடு நின்ற தந்தையைக் கண்ட மகன் என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று. ஆனால் மாணவர் அதனை எங்ஙனம் அறிவார்?

சென்ற ஆண்டு அவர் மீண்டும் வந்தார். இப்போது அப்பட்டறையில் பொறிப்பிரிவு முழுவதற்கும் பொறுப்பாளர். கையில் பழம் இருந்தது. முகத்தில் பழைய வடு ஏதும் இல்லை. வேண்டுகோள் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். “ஐயா, புதுசா வர்ற பிள்ளைங்க ஐடிஐ முடிச்சவங்க, சிலர் பன்னிரண்டாம் வகுப்போட நின்னவங்க. மெஷினோட கையேடு ஆங்கிலத்துல இருக்கு. அவங்களுக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு பக்கம் தமிழ்ல எழுதித் தரணும். மெஷின் பக்கத்துல ஒட்டிவைக்கணும்” என்றார். மறுக்க வாய் வரவில்லை. பொருள் தெரியாமல் எழுதலாகாது என்பதால் நேரில் வந்து பார்க்கிறோம் என்றோம்.

நசரத்பேட்டை, பூந்தமல்லியைக் கடந்ததும் பெங்களூரு நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை நெடுஞ்சாலையைக் குறுக்கிடும் இடம் இது. சற்றுத் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி. மேற்கே ஆழ்வார் அவதரித்த திருமழிசை; இன்று அங்கே சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு. அதே சாலையில் இன்னும் சென்றால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998இல் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கிய பின் இச்சாலையின் தோற்றமே மாறிற்று. பெருந்தொழிற்சாலை நம் கண்ணில் படுகிறது. அதற்கு உறுப்புகள் செய்து தருவோர் உளர். அவ்வுறுப்புகளுக்கு அச்சு செய்து தருவோர் உளர். அந்த அச்சுக்காரர்களுக்கு எஃகை நூலால் அறுத்துத் தருவோர் சந்துகளிலும் கொட்டகைகளிலும் உளர். மரத்தின் கிளையைக் காண்போர் பலர், சல்லிவேரைக் காண்போர் சிலர். எம் மாணவரின் பட்டறை அத்தகைய சல்லிவேர்களில் ஒன்று.

உள்ளே பேரிரைச்சலை எதிர்பார்த்துச் சென்றோம். இருந்ததோ நீர் ஓடும் ஒலியும் மெல்லிய சீறலும் மட்டுமே. தொட்டி ஒன்றில் எஃகுப் பாளம் நீருக்குள் கிடந்தது. மேலிருந்து கீழாகப் பித்தளை நூல் ஒன்று ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் விட்டம் கால் மில்லிமீட்டர். ஐந்து கிலோ சுருள் ஒன்றில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள நூல் இருக்கும். நசரத்பேட்டையிலிருந்து திருமழிசைக்குப் போய்த் திரும்பிய பின்னும் மிச்சம் இருக்கும். நிமிடத்திற்குப் பத்து மீட்டர் எனக் கொண்டால் அச்சுருள் இருபது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒருமுறை ஓடிய நூல் மீண்டும் பயன்படாது. பழைய பித்தளையாக எடைக்குப் போகும். மாலிப்டினம் என்னும் உலோகத்தாலான இழையை முன்னும் பின்னுமாக ஓட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொறிகளும் உண்டு. விலை குறைந்தவை, நுட்பமும் சற்றுக் குறைந்தவை.

வியப்பு என்னவெனில், அந்நூல் எஃகைத் தொடுவதே இல்லை. நூலுக்கும் எஃகுக்கும் இடையே மயிரிழையினும் குறைந்த இடைவெளி எப்போதும் உண்டு. அவ்விடைவெளியில் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்பொறி தாவுகிறது. ஒவ்வொரு பொறியும் தான் விழுந்த புள்ளியில் 8000 முதல் 12000 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தை உண்டாக்கி, எஃகின் துகள் ஒன்றை உருக்கி எறிகிறது. நீர் அத்துகளைக் கழுவிக்கொண்டு செல்கிறது. அந்நீரும் நம் குழாய் நீர் அன்று. கரைந்துள்ள உப்புகளை நீக்கிய நீர். அதனால் மின்சாரத்தைக் கட்டுப்பாடின்றிக் கசியவிடாது. உலோகத் துகள்கள் சேரச்சேர அதன் தூய்மை குறையும். வடிகட்டிகளிலும் ரெசின் நிரம்பிய உருளையிலும் செலுத்தி மீண்டும் தூய்மையாக்குகின்றனர்.

தொடாமல் அறுப்பதால் எஃகு எத்துணைக் கடினமாயினும் கவலையில்லை. மின்சாரத்தைக் கடத்தினால் போதும். அழுத்தம் இல்லாமையால் காகிதம்போன்ற மெல்லிய சுவரும் வளைவதில்லை. எம் தந்தையார் அன்று கண்டு வியந்ததன் உட்பொருள் இதுவே. முன்பு வெட்டிவிட்டுக் கடினமாக்கினர். உலை கெடுத்ததைக் கை மீட்டது. இப்போது கடினமாக்கிவிட்டு வெட்டுகின்றனர். உலை என்ன முறுக்கினாலும் வெட்டு அதன்பின்னரே வருவதால் அளவு கெடுவதில்லை. தொழிலின் வரிசை தலைகீழாயிற்று. இவ்வொன்றே அச்சுத்தொழிலை மாற்றிய பெரும் மாற்றம் எனலாம்.

இதன் வரலாறும் சுவையானது. மின்பொறி உலோகத்தை அரிக்கும் என்பதை 1770இலேயே ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்து வைத்தார். அது நெடுங்காலம் குறையாகவே கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாஸ்கோவில் லாசரென்கோ இணையர், மின்தொடுப்புகள் பொறியால் தேய்ந்து போவதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தனர். தடுக்க இயலவில்லை. தடுக்க முடியாத அரிப்பையே அடக்கி ஆண்டு கருவியாக்கினால் என்ன என எண்ணினர். 1943இல் மின்பொறியால் உலோகத்தைச் செதுக்கும் முறை பிறந்தது. 1969இல் சுவிட்சர்லாந்தின் ஆகி நிறுவனம், எண்களாலான கட்டளையின்படி இயங்கும் நூல்வெட்டுப் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் நாட்டிலும் புனேயில் இத்தகைய பொறிகள் செய்யப்படுகின்றன.

பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் அச்சில் இந்நூலுக்கு என்ன பங்கு என்று மாணவரைக் கேட்டோம். அவர் திறந்திருந்த அச்சு ஒன்றைக் காட்டினார். குழிந்த பக்கம் கேவிட்டி, புடைத்த பக்கம் கோர். இரண்டும் மூடிக்கொள்ள, இடைப்பட்ட வெற்றிடத்தில் உருகிய பிளாஸ்டிக் பாய்ந்து உறைகிறது. உறைந்த பொருளைத் தள்ளி வெளியேற்றச் சிறு ஊசிகள் உண்டு. அச்சு முழுவதையும் ஒரே பாளத்தில் குடைவதில்லை. நுட்பமான பகுதிகளைத் தனித்தனி எஃகுத் துண்டுகளாகச் செய்து, சட்டத்தில் வெட்டிய சாளரங்களில் பொருத்துகின்றனர். அச்சாளரங்களையும் அவற்றில் அமரும் துண்டுகளையும் ஊசித்துளைகளையும் வெட்டுவது இந்நூலே. அடி மூடிய குழியை இதனால் வெட்ட இயலாது. ஏனெனில் நூல் மேலே நுழைந்து கீழே வெளிவர வேண்டும். குழியைச் செம்பு அல்லது கிராஃபைட்டால் செய்த வடிவத்தை இறக்கி மின்பொறியாலேயே குடைகின்றனர். அவ்வடிவத்தை வெட்டித் தருவதும் பெரும்பாலும் நூல்தான். உள்மூலையை முற்றக் கூர்மையாக்கவும் நூலால் ஆகாது. நூலின் பருமனளவு வளைவு அங்கே எஞ்சும். இவ்வாறு தன் எல்லையைத் தான் அறிந்த கருவி அது.

முதல் வெட்டு முரடானது. எஃகின் முகத்தில் உருகி மீண்டும் உறைந்த மெல்லிய தோல் ஒன்று படிந்திருக்கும். அது வெடிக்கும் இயல்புடையது. அதனால் மின்னாற்றலைக் குறைத்து அதே தடத்தில் இரண்டு மூன்று முறை மேலோட்டமாக நூலைச் செலுத்தி அத்தோலைக் களைகின்றனர். இதனை மாணவர் விளக்கியபோது எம் உள்ளம் ஒரு கணம் அம்பத்தூருக்கு ஓடிற்று. 1993இல் எம் தந்தையார் அறுத்து வந்த துண்டை நகத்தால் வருடிப் பார்த்து, “மேல்தோல் வெந்திருக்கு. கல்லுல தேய்க்காம போட்டா வாய் உதிரும்” என்று சொன்னதாக ஒருமுறை கூறியிருக்கிறார். எந்த நூலையும் படியாமல், நுண்ணோக்கியும் இல்லாமல், விரலால் மட்டும் அவர் அதனை அறிந்திருந்தார். அவர் கையைப் பொறி வென்றுவிட்டது என இத்தனை ஆண்டு நினைத்திருந்தோம். அவர் கை கண்ட குறையைத்தான் பிற்காலப் பொறிகள் தாமே களையக் கற்றுக்கொண்டன என்பது அன்று புலனாயிற்று.

அப்போதுதான் மாணவர், இந்த ஒரு பக்கத்தை ஏன் கேட்கிறார் என்பதைச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம். தமிழகத்தில் மின்வெட்டு மிகுந்திருந்த காலம். மின்சுவிட்ச் ஒன்றின் மூடிக்கான அச்சுத்துண்டு இரவில் பொறியில் இருந்தது. மின்சாரம் போய் வந்தது. வேலை தொடங்கும் முன்பே நின்றதால் கட்டளைகளை மீண்டும் கொடுத்தார். நூலின் தடம் வடிவக்கோட்டின் மேலேயே செல்லலாகாது. நூலின் பாதி விட்டம் 0.125, பொறி தாவும் இடைவெளி சுமார் 0.025, ஆகக் கூடி 0.15 மில்லிமீட்டர் விலகிச் செல்ல வேண்டும். துண்டு நமக்கு வேண்டுமாயின் கோட்டுக்கு வெளியே விலக வேண்டும். சாளரம் வேண்டுமாயின் உள்ளே விலக வேண்டும். அவர் வெளியே என்பதற்கு உள்ளே என்று கொடுத்துவிட்டார். ஆங்கிலக் கையேட்டில் இடம், வலம் என்றிருந்தது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து என்பது அவருக்கு அன்று விளங்கியிருக்கவில்லை. விடிந்தபோது துண்டு ஒவ்வொரு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

0.3 மில்லிமீட்டர் நமக்கு ஒன்றுமில்லை. அச்சுக்கோ அது திறந்த வாயில். மிகச் சிறிய இடைவெளியிலும் உருகிய பிளாஸ்டிக் புகுந்து பிசிறாக உறைந்துவிடும். அத்துண்டு வயர்கட்டுக்கு வருமுன் வேறு பலர் கையால் அறுக்கப்பட்டு, கடையப்பட்டு, உலையில் கடினமாகி, சாணை பிடிக்கப்பட்டு வந்தது. பலர் வார உழைப்பு ஒருவர் பிழையால் கெட்டது. “அப்ப எல்லாரும் எதுக்கும் கரண்டைத்தான் சொல்லுவாங்க ஐயா. கரண்ட் போனதுல கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா முதலாளி நம்பியிருப்பார்” என்றார் மாணவர். பின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். சற்றுத் தயங்கினார். “கரண்ட் போனது உண்மை. ஆனா கெடுத்தது அது இல்லையே” என்றார்.

முதலாளி சினந்தார், சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்தார், ஆனால் வேலையை விட்டு நீக்கவில்லை. பிடித்தம் நடந்த மாதங்களில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடன் வாங்க நேர்ந்தது. அந்நாள்களில் ஒருமுறை எம்மைக் காண வரலாம் என்று நினைத்ததாகவும், கம்பி சுற்றுவதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என நினைப்போமோ என்று அஞ்சி வராமல் நின்றதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். யாம் சிரிக்க இயலவில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு, “அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது தம்பி; தவறு எம்முடையது” என்றோம். எம் தந்தையாரைப் பற்றியும் அப்போதுதான் அவரிடம் சொன்னோம். அவர் பொறியை நிறுத்தவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தி நெடுநேரம் கேட்டார்.

வீடு திரும்பி எழுத அமர்ந்தோம். கலைச்சொல்லாக்கத்தில் எமக்குப் பழக்கம் உண்டு. ‘மின்பொறி அரிப்பு இழைவெட்டுப் பொறியை இயக்குநர் கவனத்திற்கு’ எனத் தலைப்பிட்டு, ‘ஈடுசெய் விலக்கம்’, ‘தொடக்கப் புழை’, ‘மின்காப்புப் பாய்மம்’ எனத் தூய தமிழில் ஒரு பக்கம் எழுதி நிறைவுற்றோம். மறுவாரம் அதனை எடுத்துச் சென்று இளைஞர் ஒருவரிடம் படிக்கத் தந்தோம். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். மெல்லப் படித்துவிட்டு, “ஐயா, பொறின்னா மெஷினா, ஸ்பார்க்கா?” என்று கேட்டார். யாம் வாயடைத்துப் போனோம். தமிழில் பொறி என்பது இரண்டும்தான். ஐம்பொறி என்னும்போது மூன்றாவது பொருளும் வரும். வகுப்பறையில் அஃது அழகு. ஓடும் மின்சாரத்தின் அருகே அஃது இடர். ஆங்கிலக் கையேடு எம் மாணவருக்குச் செய்ததை யாம் தமிழிலேயே செய்துவிட இருந்தோம்.

அத்தாளைக் கிழித்துவிட்டு, அவர்கள் அருகிலேயே அமர்ந்து அவர்கள் சொல்லால் எழுதினோம். வயர்கட் என்பதை வயர்கட் என்றே விட்டோம். ஸ்பார்க், ஆஃப்செட் ஆகியவற்றையும் விட்டோம். ஆனால் ஆஃப்செட் என்பதன் அருகில் விலகல் எனச் சேர்த்தோம். இடம், வலம் என்னும் சொற்களை முற்றிலும் நீக்கினோம். அவ்விடத்தில் எழுதியது இது: ‘வெட்டியபின் எது வேண்டும்? விழும் துண்டா, நிற்கும் சட்டமா? துண்டு வேண்டுமானால் நூல் வெளியே. சட்டம் வேண்டுமானால் நூல் உள்ளே. பட்டனை அழுத்துமுன் இதை வாய்விட்டுச் சொல்.’ துண்டு அறுந்து விழுமுன் அதனைக் காந்தத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் சாய்ந்து நூலை அறுக்கும் என்பதையும், மின்சாரம் போய் வந்தால் கட்டளையை முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். மொத்தம் பதினோரு வரிகள். எம் வாழ்நாளில் அச்சேறிய கட்டுரைகள் பல. இப்பதினோரு வரிகளுக்கு உழைத்த அளவு அவற்றுள் எதற்கும் உழைத்ததில்லை என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

கலைச்சொல்லாக்கம் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. அறிவியல் தமிழில் நிலைபெற நல்ல சொற்கள் வேண்டும். அவற்றை ஆக்கும் கடமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு. ஆனால் சொல் ஆக்குமுன், அப்பொருளோடு நாள் முழுதும் வாழ்வோர் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் எனச் சென்று கேட்பதும் அக்கடமையின் பகுதியே. வயர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் அவ்விளைஞர்கள், அவசரத்தில் ஒருவரையொருவர் அழைக்கும்போது “நூல் அறுந்துபோச்சு” என்று கூவுவதை அன்று கேட்டோம். யாரும் கற்பியாமல் தமிழ் அங்கே தானே வந்து அமர்ந்திருந்தது. எட்டிலொரு அங்குலத்தை நூல் என்று அழைத்த எம் தந்தையாரும், கால் மில்லிமீட்டர் பித்தளையை நூல் என்று அழைக்கும் இவ்விளைஞரும், கல்வியை நூல் என்று அழைத்த பவணந்தியாரும் ஒரே சொல்லின் கீழ் நிற்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, தமிழ் பயின்றோர் அனைவரும் ஆசிரியராதல் இயலாது. ஆக வேண்டியதும் இல்லை. எந்தப் பட்டறைக்குச் சென்றாலும், பயின்றது வீணாயிற்று என எவரேனும் சொன்னால், அவர் ஆசிரியராகவே இருந்தாலும், நம்பாதீர்கள். அலகிட்டுச் சீர் பிரித்துப் பழகிய கவனம்தான் நூல் உள்ளேயா வெளியேயா எனத் தம்மை இன்று நின்று பார்க்கச் செய்கிறது என்று எம் மாணவர் சொல்கிறார். அது மெய்யோ, எம் மனம் நோகலாகாது எனச் சொன்னதோ அறியோம். ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் பிள்ளைகள் பணிபுரியும் இடங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று பாருங்கள். அறிவுரை கூறுவதற்காகச் செல்ல வேண்டா, கேட்பதற்காகச் செல்லுங்கள்.

தந்தையாரின் தகரப் பெட்டி இன்னும் எம் வீட்டில் உள்ளது. சென்ற மாதம் அதனைத் திறந்து, எண்ணெய்க் கல் ஒன்றை எடுத்து எம் மாணவரிடம் கொடுத்தோம். அவர் அதனை அலமாரியில் காட்சிப் பொருளாக வைத்திருப்பார் என நினைத்தோம். அண்மையில் அங்கே சென்றபோது அது மேசைமேல், எண்ணெய் பட்டு ஈரமாகக் கிடந்தது. எப்போதேனும் வாய் ஓரத்தில் பிசிறு நின்றால் இன்றும் கல்தான் என்றார். அருகில் சுவரில் எம் பதினோரு வரிகள். ஆறாம் வரியில் யாரோ எம் சொல் ஒன்றைப் பென்சிலால் அடித்து வேறு சொல் எழுதியிருந்தனர். படித்துப் பார்த்தோம். திருத்தியதே சரி.